எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்

"பிள்ளைகளைப் பத்திக் கவலைப்படாதீங்க தம்பி, எல்லாரும் பாத்துக்கிடுவோம்." சபையின் கோடை முகாமுக்குப் பெயர் கொடுக்கத் தயங்கி நின்றபோது எங்களுக்குக் கிடைத்த ஆறுதல் இது. மூன்று வயது மகளையும், நடக்கத் தொடங்கி நான்கு மாதமே ஆன மகனையும் வைத்துக்கொண்டு காட்டில் மூன்று இரவுகள் தங்குவதா என்ற எங்கள் தயக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோயிற்று. போய்த் திரும்பிய பிறகு அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. சொன்னவர்கள் மனதாரவே சொன்னார்கள், அதில் ஐயமில்லை. ஆயினும் அது ஆபத்தான வாக்கியம் என்பது இப்போது எங்கள் துணிபு.

பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதியில் ஓர் ஏரியை ஒட்டிய முகாம் அது. பதினான்கு குடும்பங்கள். அநேகமாக எல்லாரும் தமிழர்கள். பாதிப் பேர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர்கள். கூடாரம் அடித்துப் பழகியவர்கள் இரண்டு மூன்று குடும்பத்தார் மட்டுமே.

சபையும் கூடாரமும் சேர்வது ஒன்றும் புதிதல்ல. லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரம், ஆண்டுக்கு ஏழு நாட்கள் வீட்டை விட்டு இலைக்குடில்களில் குடியிருக்கச் சொல்கிறது. அமெரிக்காவிலோ இதற்குத் தனி வரலாறே உண்டு. 1801 ஆகஸ்டில் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்கு 10,000 பேருக்கு மேல் வந்ததாகச் சொல்வார்கள். வண்டிகளில் பிள்ளைகுட்டிகளோடும் கட்டுச்சோற்றோடும் வந்து, நாட்கணக்கில் வெட்டவெளியில் தங்கினார்கள். 1869-இல் மெதடிஸ்டுகள் நியூஜெர்சிக் கடற்கரையில் ஓஷன் குரோவ் என்ற முகாம் நகரைத் தொடங்கினார்கள். அங்கே இன்றும் ஒவ்வொரு கோடையிலும் 100-க்கும் மேற்பட்ட கித்தான் கூடாரங்கள் எழுகின்றன. அதே 1869-இல்தான் பாஸ்டன் நகரின் பார்க் ஸ்ட்ரீட் சபைப் போதகர் வில்லியம் மர்ரே, அடிரோண்டாக் காடுகளில் தங்குவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் படித்துவிட்டு நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குப் போனார்கள். அந்தக் கோடையில் மழையும் பூச்சிக்கடியும் அவர்களை வாட்டி எடுக்க, "மர்ரேயின் முட்டாள்கள்" என்று பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. பொழுதுபோக்காகக் கூடாரமடிக்கும் அமெரிக்க வழக்கம் பரவியதில் ஒரு போதகருக்கு இத்தனை பங்கு உண்டு என்பதை நாங்கள் பிற்பாடுதான் அறிந்தோம்.

முதல் இரவு நாங்களும் மர்ரேயின் முட்டாள்களாகவே இருந்தோம். பகலில் வியர்த்ததை நம்பி மெல்லிய போர்வைகளைக் கொண்டுபோயிருந்தோம். நள்ளிரவில் தரையிலிருந்து குளிர் ஏறியது. உடம்புக்கு மேலே போர்த்துவதைவிட உடம்புக்குக் கீழே விரிப்பதுதான் முக்கியம் என்பது அப்போது விளங்கியது. மகன் அழத் தொடங்கினான். வீட்டில் அழுகைக்குச் சுவர் உண்டு. இங்கே இருந்ததோ ஒரு துணி. பதினான்கு கூடாரங்களும் விழித்துக்கொண்டிருக்கின்றன என்ற நினைப்பில் நாங்கள் கூசிப் போனோம். இரண்டரை மணியளவில் வெளியே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த கூடாரத்து ஆச்சி ஒரு கம்பளியைக் கையில் நீட்டிக்கொண்டு, "ஏளா, பிள்ளைக்குக் குளுருது, வேற ஒண்ணுமில்ல. இதைக் கீழ விரி," என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். "எங்க வீட்டுல ஏழு பேரு அழுது வளந்தவங்கதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்காகவே போகலாம் என்றுதான் இப்போதும் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் துவைத்துத் தேய்த்த உடையில் பார்க்கிற மனிதர்களைக் கலைந்த தலையோடும், பல் துலக்காத வாயோடும், அழுகிற பிள்ளையோடும் பார்க்க வாய்ப்பதே ஒரு பேறு. ஆலயக் கட்டடம் இல்லாத இடத்தில்தான் சபை என்பது என்ன என்று தெரிகிறது.

நிற்க. இரண்டாம் நாள் பிற்பகல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் மதிய உணவு முடிந்திருந்தது. பெரியவர்கள் ஏறக்குறைய இருபத்தைந்து பேர் அங்கே இருந்தோம். எங்களில் ஒருவர் மகளின் ஈர உடையை மாற்றக் கூடாரத்துக்குப் போனார். மற்றவர் பாத்திரங்களைக் கழுவ எழுந்தார். மகன் மணலில் ஓர் அக்காவின் அருகே விளையாடிக்கொண்டிருந்தான். அந்த அக்கா, அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று எண்ணி எழுந்து போனார். அப்பாவோ, அக்கா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று எண்ணியிருந்தார். மூன்று நான்கு நிமிடங்கள் ஆகியிருக்கலாம். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிப்போய் அவனைத் தூக்கியபோது தண்ணீர் அவன் மார்பளவில் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எங்களுக்குத் துணிவில்லை.

யார் மீதும் குற்றமில்லை. குற்றம் என்றால் முதலில் எங்கள் மீதுதான். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தக் கரையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்திருந்தால் அவன் நீரில் இறங்கியிருக்க மாட்டான். இருபத்தைந்து பேர் இருந்ததனால்தான் இறங்கினான். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கு முதன்மையான காரணம் நீரில் மூழ்குதல்தான். சினிமாவில் காட்டுவதுபோல் கையை உதறி, அலறி மூழ்குவது அரிது. பெரும்பாலும் அது ஓசையில்லாமல், நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிறது. ஆகவே "சத்தம் கேட்டால் ஓடிவருவோம்" என்று இருபத்தைந்து பேர் இருப்பதில் பயனே இல்லை.

லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிடும் நிகழ்ச்சி வருகிறது. தேவாலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்த சிறுவனின் ஞானத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் உள்ள செய்தியைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. பிள்ளை பயணக் கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணிக்கொண்டு, பெற்றோர் ஒரு நாள் முழுவதும் நடந்துவிடுகிறார்கள். பிறகுதான் உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடுகிறார்கள். கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகிறது. மரியாளும் யோசேப்பும் அசட்டையான பெற்றோர் அல்லர். அவர்கள் கூட்டத்தை நம்பினார்கள், அவ்வளவுதான். "எல்லாரும்" என்பது ஒருவரும் வசிக்காத முகவரி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கதையும் சொல்வதாகத் தெரியவில்லை.

தீர்வு எளியது. நீரருகே பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம், பெயர் சொல்லி அமர்த்தப்பட்ட ஒருவர் காவல் இருக்க வேண்டும். கைபேசி கூடாது, புத்தகம் கூடாது, பேச்சுக்கச்சேரி கூடாது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு, அதை அடுத்தவர் கையில் கொடுத்த பிறகே எழ வேண்டும். காணிக்கைப் பணத்தை எண்ண இரண்டு பேரை அமர்த்திக் கையொப்பம் வாங்குகிற சபை நம்முடையது. அங்கே "எல்லாரும் பாத்துக்கிடுவோம்" என்று ஒருவரும் சொல்வதில்லை. பணத்துக்கு இருக்கும் பதிவேடு பிள்ளைகளுக்கும் இருக்கட்டும் என்பதே எங்கள் வாதம்.

"ஐந்து வயது ஆகும் வரை பிள்ளைகளைக் கூட்டிவராமலிருப்பதே நல்லது," என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். அக்கறையில் பிறந்த கருத்துதான்; ஏற்க முடியவில்லை. பிள்ளைகளை விலக்கினால் விலக்கப்படுவது பிள்ளைகள் மட்டுமல்லர். மூன்று இரவும் நெருப்பைச் சுற்றி ஆராதனை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. எங்கள் பிள்ளைகள் எட்டு மணிக்குத் தூங்குகிறவர்கள். எனவே எங்களில் ஒருவர், தாயானவர், மூன்று இரவும் கூடாரத்துக்குள் படுத்து, தொலைவில் கேட்ட பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வேறு நான்கு கூடாரங்களிலும் நான்கு தாய்மார்கள் அவ்வாறே இருந்தார்கள் என்று விடிந்த பிறகு தெரியவந்தது. தகப்பன்மார் ஐவரும் நெருப்பருகே இருந்தோம். ஒரு இரவாவது இடம் மாறிக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆராதனையை ஆறரை மணிக்கு வைத்தால் என்ன குறைந்துவிடும்? நட்சத்திரம் தெரியாது என்றார் ஒரு இளைஞர். நட்சத்திரத்துக்காக ஐந்து பேரை இழப்பது சரியான கணக்காகத் தெரியவில்லை.

இன்னும் சிலவற்றையும் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இரவு நெருப்பை மண் போட்டு மூடினால் கங்கு அடியில் கனன்றுகொண்டே இருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது வெறும் மண்ணாகத்தான் தெரியும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, கையை அருகே வைத்துப் பார்த்துத் தணிந்ததா என்று அறிய வேண்டும். கரடிகள் உலவும் மலை அது. தின்பண்டம் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது, குழந்தையின் பால்புட்டி உட்பட. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி அங்கே மிகுதி. தினமும் மாலையில் பிள்ளைகளின் காது மடல், அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமயிர் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். இவற்றை யார் செய்வது என்று ஒரு தாளில் எழுத அரைமணி நேரம் போதும்.

மூன்றாம் நாள் காலை எங்கள் போதகரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஜெபிக்கலாம்" என்று அவர் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தோம். அவரோ காரிலிருந்து ஒரு விசிலை எடுத்துவந்து தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் நாற்காலி போட்டு, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தார். யாரோ பேச்சுக் கொடுத்தபோது திரும்பாமலே, "இருபது நிமிஷம் கழிச்சு வாங்க," என்றார்.

அடுத்த கோடையிலும் போவதாக இருக்கிறோம். ஆச்சியின் கம்பளி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று இம்முறை கேட்போம். விடையாக ஒரு பெயர் வரும் வரை கேட்டுக்கொண்டிருப்போம்.