நிலத்தடியில் விண்ணாய்வு

கிணத்துக்கடவைச் சூழ்ந்த நம் ஊர்களில் நீர் வேண்டி நிலத்தை அகழ்வர். ஜப்பானியரோ, விண்ணை அறிய வேண்டி நிலத்தடியில் நீரைத் தேக்கியுள்ளனர்.

ஞாயிறும் விண்மீன்களும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை ஓயாது பொழிகின்றன. அவை நம் உடலையும் மலையையும் ஊடுருவிச் செல்வன. மிக அரிதாக ஒன்று நீரோடு மோதுமாயின், மின்னேற்றமுடைய துகளொன்று விரைந்து பாய, மெல்லிய நீல ஒளி தோன்றும். அதனைக் காணப் பேரளவு நீர் வேண்டும். பிற விண்கதிர்களைத் தடுக்கப் பாறைக் கூரை வேண்டும். ஆதலின், 1996 முதல் இயங்கும் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடத்தில், மலைக்குள் 1,000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் தூய நீரை நிரப்பினர்.

"இதனாற் பயன் யாது?" என வினவுவோர் உளர். பத்து அடியில் ஈரம் காணாமையால் கிணற்றைக் கைவிடும் உழவன் உளனோ? முன்னிருந்த காமியோகாண்டே, புரோட்டானின் சிதைவைக் காணவே அமைக்கப்பெற்றது. அதனைக் கண்டிலது; ஆயின், 1987-இல் விண்மீன் வெடிப்பொன்றிலிருந்து வந்த 11 நியூட்ரினோக்களைக் கண்டது. அதற்காகக் கோஷிபா 2002-இல் நோபல் பரிசு பெற்றார்.

இத்துறை நமக்குப் புதிதன்று. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், வளிமண்டலத்திற் பிறந்த நியூட்ரினோக்களை நம் அறிஞர், ஜப்பானிய, ஆங்கில அறிஞரோடு கூடி, வேறுவகைக் கருவிகளாற் கண்டனர். பொன் அருகியது, 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது. அங்கே எழுந்த அறிவு வேட்கை அதனோடு மூடப்படலாகாது. உடனே பயன் தாராத கல்வியையும் விரும்பிக் கற்பவரே அதனைக் காப்பர். மாணவர்களே, அப்பணி உங்களுடையது.