எடை குறையட்டும், உயிர் போக வேண்டாம்!

அமெரிக்காவில் கால் மைல் கார்ப் பந்தயம் மிகப் பிரபலம். 440 கெஜ தூரம், நேர் பாதை. முதலில் போய்ச் சேருபவருக்கு வெற்றி. வீட்டுக் கொட்டகையில் தாங்களே கட்டிய காருடன் பலர் வருகிறார்கள்.

எடை குறைந்தால் கார் சிட்டாய்ப் பறக்கும். ஆகவே, கண்ணாடி ஜன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், எந்த பிளாஸ்டிக்?

இங்கேதான் சிலர் தவறு செய்கிறார்கள். "அக்ரிலிக்" மலிவு, பளபளப்பு. ஆனால், பலமாக அடிபட்டால் கூரிய சில்லுகளாக உடையும். "பாலிகார்பனேட்" விலை கூடுதல். 1953-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. அதே தடிமனுள்ள கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது!

மாட்டுவதிலும் கவனம் வேண்டும். பழைய கண்ணாடியை அளவுக்கு வைத்து வெட்டலாம். வெயிலில் பிளாஸ்டிக் விரியும். ஆகவே, திருகாணியைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் விரிசல் விழும். பெட்ரோல் பட்டாலும் கெடும். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். பாதை மங்கலாகத் தெரியும்.

தினமும் சாலையில் ஓடும் காருக்கு இந்த வேலையே வேண்டாம். அதற்குக் கண்ணாடிதான் ஏற்றது.

பந்தயத்தில் மிச்சமாவது ஒரு நொடியில் சிறு பங்கு. அதற்காக மலிவுச் சரக்கை முகத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமா? காசை மிச்சம் பிடிக்க வேறு இடமா இல்லை?