விழுந்தபின் வைத்தியமா? விழாமல் காக்கும் வழியா?

முதியோரைப் போற்ற வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். நல்லது! ஆனால், அந்த முதியவர் நள்ளிரவில் எழுந்து கழிப்பறைக்குச் செல்லும்போது, பற்றிக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி உண்டா என்று கேட்போர் எத்தனை பேர்? மாலை சூட்டத் தெரிந்த நமக்குக் கைப்பிடி மாட்டத் தெரியவில்லையே!

இதென்ன பெரிய பிரச்சினை என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம்: ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 60 வயதைக் கடந்தோரே மிகுதி. ஈரத் தரை, உயர்ந்த வாசற்படி, விளக்கில்லா நடை, இவை செய்யும் கொடுமையைத் தலைவிதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?

இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி இழப்பது நடையை மட்டுமா? தன் அடுப்பை இழக்கிறார்; தன் திண்ணையை இழக்கிறார்; தன் விருப்பப்படி வாழும் உரிமையை இழக்கிறார். நேற்றுவரை வீட்டை ஆண்டவர், இன்று பிள்ளை வீட்டு மூலையில் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறார்!

முதியோர் உதவித்தொகையை 1962-லேயே தொடங்கிய மாநிலம் இது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொடுத்தது. வரவேற்கிறோம். வாசல்வரை வந்த ஊழியர் இன்னும் நான்கு அடி உள்ளே வந்து, தரை வழுக்குகிறதா, விளக்கு எரிகிறதா என்றும் பார்க்கட்டுமே! பார்த்ததை எழுதி ஊராட்சிக்கு அனுப்பட்டுமே!

2024-ல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீடு ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது 3,50,000 ரூபாய். அத்தனை பணம் போட்டு எழுப்பும் வீட்டில் ஓர் இரும்புக் குழாய்க்கா பஞ்சம்? முறிந்த எலும்பைச் சேர்க்கும் அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவில் எத்தனை வீடுகளுக்குக் கைப்பிடி மாட்டலாம் என்பதை அதிகாரிகளே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

பொதுப் பணத்தில் எழும் ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறையில் கைப்பிடி, வழுக்காத தரை, படியருகே விளக்கு, இம்மூன்றும் கட்டாயம் என்று அரசு ஆணையிட வேண்டும். பழைய வீட்டில் வாழும் ஏழை முதியோருக்கு ஊராட்சியே அவற்றைச் செய்து தர வேண்டும்.

நாம் கேட்பது இரக்கம் அன்று. உழைத்து ஓய்ந்த கால்கள், சொந்த வீட்டில், சொந்தப் பலத்தில் நிற்கும் உரிமை!