சென்னையில் உருவான சிப் ஓடுது... திரையில் தமிழ் ஓடுமா? கிராபிக்ஸ் வேகத்தை அளப்பது எப்படி?

சென்னை ஐஐடியின் 'சக்தி' வடிவமைப்பில், இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. சரி, இதேபோல குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்கள் பிரஷர் பார்க்கும் மிஷினிலோ ஆட்டோ மீட்டரிலோ வந்தால், திரையில் படமும் தமிழும் தடங்கல் இல்லாமல் வருமா? டெமோ வீடியோவை மட்டும் பார்த்து நம்பிடலாமா?

சக்தி இப்போ எங்கே நிற்கிறது?

2018-ல் 'ரைஸ்கிரீக்' சிப் இன்டெல் ஆலையில் தயாரானது. அதே ஆண்டு 'ரிமோ' சண்டிகர் அருகே உள்ள அரசு ஆலையில் தயாரானது. 2020-ல் வந்த 'மௌஷிக்' சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் வேகம். ஸ்மார்ட் கார்டு, வீட்டுச் சாதனங்கள் போன்ற சின்ன வேலைகளுக்கானது.

படம் வரைவதில் என்ன சிக்கல்?

ரிச்சி தெருவில் கிடைக்கும் 320-க்கு 240 புள்ளி திரையை எடுத்துக்கோங்க. மொத்தம் 76,800 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட் என்றால், ஒரே ஒரு படத்துக்கு 150 கேபி வேணும். ஆர்டுயினோ ஊனோவின் நினைவகமோ வெறும் 2 கேபி! ராஸ்பெர்ரி பை பிகோவில் 264 கேபி. ஒரு படம் அடங்கும், இரண்டு அடங்காது.

நொடிக்கு 30 படம் காட்டணும்னா, 100 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஒரு புள்ளிக்குக் கிடைப்பது சுமார் 43 துடிப்புகள்தான். அதற்குள் கணக்குப் போட்டு, நிறம் முடிவு செய்து, திரைக்கும் அனுப்பணும். அனுப்பும் பாதை நொடிக்கு 4 கோடி பிட் கடத்தினாலும் 32 முழுப் படங்களைத் தாண்டாது.

அப்போ டெமோவில் எப்படி சூப்பரா ஓடுது?

மாறிய இடத்தை மட்டும் திரும்ப வரைவார்கள். 40-க்கு 60 அளவுள்ள ஓர் எண் மாறினால், அது திரையில் 3 சதவீதம்தான். இது நல்ல உத்தி. ஆனால் அந்த வேகத்தை முழுத்திரை வேகம் என்று சொன்னால் தப்பு.

அதனால் கேட்க வேண்டியது இதுதான்:

* முழுத்திரையா, ஒரு பகுதியா?
* திரைக்கு அனுப்பும் நேரமும் கணக்கில் உண்டா?
* சராசரி வேகம் மட்டுமா, மிக மெதுவான படம் எவ்வளவு நேரம் எடுத்தது?
* ஒரு படத்துக்கு எவ்வளவு மின்சாரம்? திரை விளக்கின் செலவு தனியாகக் காட்டப்பட்டதா?

'கோர்மார்க்' போன்ற பிரபல மதிப்பெண்கள் கணக்குப் போடும் திறனைத்தான் அளக்கின்றன, திரையை அல்ல.

தமிழுக்கு ஏன் கூடுதல் வேலை?

'கெ' என்று எழுதினால், நினைவகத்தில் 'க' முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்புதான் முன்னால் வரணும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. ஆங்கிலத்துக்காக எழுதிய எளிய மென்பொருள் வந்த வரிசையிலேயே வரைந்தால் எழுத்து சிதைந்துடும். அதைச் சரிசெய்யும் மென்பொருளுக்கும் எழுத்துருவுக்கும் நினைவகம் தேவை.

இதனால் நமக்கென்ன?

மாத்திரை நேரம், சர்க்கரை அளவு, மீட்டர் கட்டணம் எல்லாம் இனி சின்னத் திரைகளில்தான். அதில் தமிழ் தப்பாக வந்தால், ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு அந்த மிஷினால் பயனில்லை. சுழலும் கனசதுரத்தோடு நாலு வரி தமிழையும் ஓட்டிக் காட்டச் சொல்வதே இங்கே சரியான சோதனை.