ஜூரிமாருக்கு வாய்ப்பூட்டு ஏன்?

1968-ஆம் ஆண்டில், ஜப்பானின் ஷிசுவோகா ஜில்லா நீதிமன்றத்தில், இவாவோ ஹகமாதா என்னும் முன்னாள் குத்துச்சண்டை வீரருக்கு மரணதண்டனை விதித்த மூன்று நீதிபதிகளுள் ஒருவரான நோரிமிச்சி குமாமோட்டோ, அம்மனிதர் நிரபராதி என்பதே தம் அபிப்பிராயமாக இருந்தும், மற்ற இருவருக்கும் கட்டுப்பட்டு, மனச்சாட்சிக்கு விரோதமான அத்தீர்ப்பைத் தம் கையாலேயே எழுத நேர்ந்தது என்ற விஷயத்தை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007-இல்தான் பகிரங்கமாக வெளியிட்டார். தீர்ப்புக்கு மறு ஆண்டே அவர் பதவியைத் துறந்துவிட்டார். ஹகமாதாவோ 2014 வரையில் சிறையில் கிடந்து, 2024 செப்டம்பரில்தான் மறுவிசாரணையில் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். நீதிபதிகள் தமக்குள் கலந்து பேசியதை வெளியிடலாகாது என்னும் விதியைக் குமாமோட்டோ மீறினார் என்பது உண்மையே. அவ்வழக்கைத் தேசம் மீண்டும் ஊன்றிக் கவனித்ததில் அந்த மீறலுக்குப் பங்கில்லை என்று சொல்லுவார் எவரும் இரார்.

அவர் வாய்திறந்த காலத்தில் ஜப்பான் புதியதொரு நீதிமுறைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. 2004-இல் நிறைவேறி, 2009 மே மாதத்தில் அமலுக்கு வந்த ‘சைபான்-இன்’ சட்டத்தின்படி, கொலை முதலிய கொடுங்குற்ற வழக்குகளில், வாக்காளர் ஜாபிதாவிலிருந்து குலுக்கல் முறையில் பொறுக்கப்பட்ட ஆறு பிரஜைகள் மூன்று நீதிபதிகளோடு சரியாசனத்தில் அமர்ந்து, குற்றம் உண்டா இல்லையா என்பதையும், உண்டாயின் தண்டனை எவ்வளவு என்பதையும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள். ஒன்பது பேரில் ஐவர் உடன்பட்டால் போதும். குற்றவாளி எனத் தீர்ப்பதாயின் அவ்வைவருள் ஒரு நீதிபதியேனும் இருக்கவேண்டும். மரணதண்டனைக்கும் இதுவே கணக்கு. ஓர் உயிரை எடுப்பதற்குக்கூட ஏகமனதான முடிவு வேண்டுமென்று விதிக்காதது இச்சட்டத்தின் பெருங்குறை என்பது என் கட்சி.

ஜூரி என்பது ஜப்பானியருக்கு முற்றும் புதிய ஸ்தாபனம் அன்று. 1928 முதல் 1943 வரை அங்கே பன்னிருவர் கொண்ட ஜூரி இருந்தது. ஆனால் அதன் முடிவு நீதிபதிக்குச் சம்மதமாகாவிட்டால், அவர் அதைத் தள்ளிவிட்டு வேறொரு ஜூரியைக் கூட்டலாம் என்றும், ஜூரி விசாரணையை ஏற்றவனுக்குச் சம்பவங்களைப் பற்றி மேல்முறையீடு கிடையாது என்றும் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தபடியால், அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் ஜூரி விசாரித்த வழக்குகள் 484-க்கு மேல் இல்லை. நம் தேசத்தில் 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கின் கதையும் பலருக்கு நினைவிருக்கும்: எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரிமார் குற்றவாளி அல்ல என்றார்கள், செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், ஹைகோர்ட்டு ஆயுள்தண்டனை விதித்தது. அந்த ஜூரி தவறியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், தம் சொல் எந்தக் கணத்திலும் தள்ளப்படலாம் என்றிருக்கையில், அச்சொல்லை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்குத்தான் முழுமையாக வரும்?

ஜப்பானின் புதிய முறை செய்துள்ள நன்மை, அதன் ஆதரவாளர்கள் சொல்லும் நன்மை அன்று. ‘சாமானியனுடைய பொது அறிவு நீதிக்குள் புகுந்தது’ என்பார்கள். புகுந்ததோ என்னவோ, அதை அளப்பது எப்படி? கண்கூடாகத் தெரியும் மாறுதல் வேறு. அந்நாட்டில், கைதானவரைக் குற்றச்சாட்டுத் தாக்கல் செய்வதற்கு முன்னரே 23 நாள் வரையில் காவலில் வைத்து விசாரிக்கலாம். அங்கே பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அதிகாரிகள் தம் நடையிலேயே எழுதிக் கட்டுக் கட்டாக அனுப்ப, நீதிபதிகள் தம் அறையில் அதை வாசித்துத் தீர்ப்பளிப்பதே சம்பிரதாயமாக இருந்தது. விசாரணைக்கு வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் குற்றவாளிகள் என முடிவாகிவந்த அந்நாளில், 1983-இல் சாகாயே மெண்டா என்பவர் முப்பத்து நான்கு ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் விடுதலையானதும், அவரையடுத்து மரணதண்டனைக் கைதிகள் மேலும் மூவர் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மறுவிசாரணையில் விடுதலையானதும், இந்தச் சம்பிரதாயத்தின் லட்சணத்தை வெளிப்படுத்தின. நால்வரும் ‘ஒப்புக்கொண்டவர்கள்’தான்!

கடைக்காரரையும் பள்ளி ஆசிரியையையும் அழைத்துவந்து ஆயிரம் பக்கக் கட்டைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல முடியுமா? ஆகவே சாட்சி நேரில் வந்து வாயால் சொல்லவேண்டியதாயிற்று. வக்கீல்கள் புரியும் பாஷையில் பேசவேண்டியதாயிற்று. வாரக்கணக்கில் இழுத்தடித்த விசாரணை அடுத்தடுத்த தினங்களில் நடக்கலாயிற்று. வாக்குமூலம் மனமுவந்து கொடுத்ததா, மிரட்டிப் பெற்றதா என்று அறுவரும் அறியவேண்டுமே என்ற கவலையினால் தொடங்கிய ஒலி-ஒளிப் பதிவு, 2019 முதல் இவ்வகை வழக்குகளில் கட்டாயமாகிவிட்டது. இவ்வளவையும் அவர்கள் சாதித்தது மதிநுட்பத்தால் அன்று. அங்கே வந்து உட்கார்ந்ததனாலேயே.

இத்தகைய பயனுள்ள பணியைச் செய்தவர்களுக்குச் சட்டம் அளிக்கும் வெகுமானம் ஆயுட்கால வாய்ப்பூட்டு! திறந்த நீதிமன்றத்தில் கண்டதைச் சொல்லலாம், தமக்கு எப்படி இருந்தது என்றும் சொல்லலாம். ஆனால் உள்ளே யார் என்ன பேசினார், எத்தனை பேர் எப்பக்கம் நின்றார் என்று சொன்னால், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். அதே ரகசியத்தை மீறும் நீதிபதியைச் சிறையிலிடப் பிரத்தியேகப் பிரிவு எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. இன்றைய ஆறு பிரஜைகளுள் நிரபராதி என்று நம்பித் தோற்ற ஒருவர், ஹகமாதா வழக்கின் நீதிபதியைப் போல் வாய்திறக்க எண்ணினால், அவரினும் அதிகமாக அஞ்சவேண்டியிருக்கிறது. அழைக்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் காரணம் காட்டி விலகிக்கொள்கிறார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன?

ரகசியம் இல்லையேல் பிரஜைகள் அச்சமின்றிப் பேசமாட்டார்கள், பழிவாங்கப்படுவோம் என்று நடுங்குவார்கள் என்னும் வாதம் நியாயமானதே. இன்னார் இன்ன சொன்னார் என்பதைக் காப்பதற்கு நானும் விரோதியல்லேன். ஆனால் பேச்சு எவ்வாறு நடந்தது, நீதிபதிகள் வழிகாட்டினார்களா அல்லது வழிமறித்தார்களா என்பதையும் ஏன் புதைக்கவேண்டும்? ஒஸாகாவில் பெண்குழந்தையின் சாவுக்குக் காரணமான பெற்றோருக்கு அரசு வக்கீல் பத்து ஆண்டு கேட்க, பிரஜைகள் அமர்ந்த நீதிபீடம் ஆளுக்குப் பதினைந்து ஆண்டு விதித்தது. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தந்தைக்குப் பத்தாகவும் தாய்க்கு எட்டாகவும் குறைத்தது. அந்த அறுவர் எந்த யோசனையின் பேரில் பதினைந்துக்குச் சென்றார்கள்? முந்தைய வழக்குகளின் தண்டனைகளை அவர்களுக்கு எவ்வளவு விளக்கினார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் இன்று சொல்லமுடியாது. பெயரையும் வாக்கையும் மட்டும் முத்திரையிட்டு, மற்றதைச் சொல்ல அனுமதிக்கும் சிறு திருத்தமொன்றை ஜப்பானியப் பார்லிமெண்டு செய்தால் போதும். ஆராய்ச்சி செய்யும் சட்ட நிபுணர்களிடம் பேசுவதற்கு மட்டுமாவது முதலில் அனுமதித்துத் தொடங்கலாம்.