ஆங்கில வழியில் படித்தும் ஆதாரம் வேண்டும்: பிரிட்டன் குடியுரிமையும் திருப்பதி பட்டமும்

சித்தூர் / திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் உள்ள பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் தேர்வுகளும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. எனினும், இங்கு பட்டம் பெற்று பிரிட்டனில் குடியேறிய ஒருவர் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டச் சான்றிதழ் மட்டுமே அவரது ஆங்கிலத் தகுதிக்கு ஆதாரமாக ஏற்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் படித்திருப்பது ஒன்று, ஆங்கிலத்தில்தான் படித்தோம் என்பதை ஆவணமாக நிரூபிப்பது வேறு. விண்ணப்பதாரர்கள் பலர் தடுமாறுவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

விதி கூறுவது என்ன?

பிரிட்டன் குடியுரிமை கோரும் 18 முதல் 64 வயது வரையிலானோர் இரண்டு தகுதிகளை நிறைவு செய்ய வேண்டும். முதலாவது, ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின்படி 'பி1' நிலையில் ஆங்கிலம் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் இயல வேண்டும். இரண்டாவது, 'லைஃப் இன் தி யுகே' எனப்படும் 24 வினாக்கள் கொண்ட பொது அறிவுத் தேர்வில் 75 சதவீத மதிப்பெண் பெற வேண்டும். பட்டம் முதல் தகுதிக்கு மட்டுமே மாற்றாக அமையும். இரண்டாவது தேர்விலிருந்து பட்டதாரிகளுக்கு விலக்கு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆங்கிலத்தைப் பெரும்பான்மை மொழியாகக் கொண்ட நாடுகள் எனப் பிரிட்டன் ஒரு பட்டியல் வைத்துள்ளது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜமைக்கா, கயானா, மால்டா உள்ளிட்டவை அதில் அடங்கும். இந்தியாவின் பெயர் அதில் இல்லை. எனவே கயானாவில் பட்டம் பெற்றவருக்குத் தேவைப்படாத கூடுதல் ஆவணம் ஒன்று திருப்பதியில் பட்டம் பெற்றவருக்குத் தேவைப்படுகிறது.

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பொறுப்பு 'யுகே எனிக்' அமைப்பிடம் உள்ளது. 2021 மார்ச் மாதத்துக்கு முன்பு இப்பணியை 'யுகே நாரிக்' கவனித்து வந்தது. பட்டியலில் கனடா தவிர்த்த பிற நாடுகளின் பட்டதாரிகள், தங்கள் பட்டம் பிரிட்டனின் இளநிலைப் பட்டத்துக்கோ அதற்கு மேற்பட்ட தகுதிக்கோ நிகரானது என்ற உறுதிச்சான்றைப் பெற்றால் போதும். இந்தியப் பட்டதாரிகள் அத்துடன், அப்பட்டம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்ற மற்றொரு உறுதிச்சான்றையும் பெற வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ போன்ற, இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்த தகுதிகளுக்கு இவ்வழி பொருந்தாது.

அதிகம் பாதிக்கப்படுவோர்

பணி விசாவில் சென்ற பொறியாளரோ செவிலியரோ விசா பெறும்போதே ஆங்கிலத் தகுதியை நிரூபித்திருப்பார். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கோரும்போது அந்த ஆதாரமே பொதுவாக ஏற்கப்படும். அந்தக் கட்டத்தில் ஏற்கப்பட்ட மொழித்தகுதியைக் குடியுரிமைக்காக மீண்டும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆனால் அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் உடன் சென்ற கணவர் அல்லது மனைவியின் நிலை வேறு. முதல் விசாவின்போது ஆங்கிலச் சான்று கேட்கப்படாமல் சென்றவர்கள், பல ஆண்டுகள் கழித்து நிரந்தர அனுமதி கோரும்போதுதான் முதன்முறையாக அதைத் தேட நேர்கிறது. அதற்குள் கல்லூரியை விட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கடந்திருக்கலாம். மதிப்பெண் பட்டியல்கள் சொந்த ஊரில் இருக்கலாம்.

பயிற்று மொழிச் சான்றின் முக்கியத்துவம்

இத்தகையோருக்கு முதன்மையாகத் தேவைப்படுவது பல்கலைக்கழகம் வழங்கும் பயிற்று மொழிச் சான்றிதழ். கற்பிப்பது இணைப்புக் கல்லூரி, பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம் என்ற நடைமுறை இங்கு சிக்கலை உண்டாக்குகிறது. கல்லூரி முதல்வரின் கடிதமே போதும் எனக் கருதாமல், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்திடமிருந்தே சான்று பெறுவது பாதுகாப்பானது.

இப்பகுதியின் கலை, அறிவியல் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு அது 1954-ல் நிறுவப்பட்ட திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். பொறியாளர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2008-ல் பிரிக்கப்பட்டபோது, இப்பகுதிக் கல்லூரிகள் அனந்தபூரில் அமைந்த பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2014-ல் மாநிலமும் பிரிந்ததால், பழைய பட்டதாரி ஒருவர் தமது சான்றுக்காக அண்டை மாநிலமான தெலங்கானாவை அணுக நேரலாம்.

பட்டப்படிப்புகள் அனைத்தையும் ஆங்கில வழிக்கு மாற்றும் முடிவை 2021-22 கல்வியாண்டு முதல் ஆந்திர அரசு நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்பு பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளைத் தெலுங்கு வழியில் முடித்தவர்கள் ஏராளம். அவர்கள் இன்று எவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசினாலும் பட்டத்தை ஆதாரமாகக் காட்ட இயலாது. அவர்களுக்குத் தேர்வு ஒன்றே வழி.

பெயர் வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப்பெயரும், சித்தூரில் கணிசமாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் தந்தை பெயரும் பட்டச் சான்றிதழில் ஓரெழுத்துச் சுருக்கமாக இடம்பெறுவது வழக்கம். பாஸ்போர்ட்டில் அதுவே முழுப்பெயராக விரிகிறது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்களுக்கு இவ்வேறுபாடு மேலும் கூடுகிறது. இரண்டும் ஒருவரே என்பதை நிறுவும் ஆவணத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்வது நல்லது.

பிற நாடுகளில்

இதே பட்டத்தைக் கனடா எளிதாக ஏற்கிறது. அங்கு குடியுரிமை கோரும் 18 முதல் 54 வயது வரையிலானோர், வெளிநாட்டில் ஆங்கில வழியில் படித்ததைக் காட்டும் மதிப்பெண் பட்டியலையோ சான்றிதழையோ அளிக்கலாம். அமெரிக்காவில் எந்த நாட்டுப் பட்டமும் ஆங்கிலத் தேர்வுக்கு மாற்றாகாது. நேர்காணலின்போது அதிகாரியே மொழித்திறனைச் சோதிப்பார். இந்தியாவின் குடியுரிமைச் சட்டமோ, இயல்புரிமை வழியில் விண்ணப்பிக்கும் வெளிநாட்டவர் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும் என்கிறது. தமிழும் தெலுங்கும் இடம்பெற்றுள்ள அந்த அட்டவணையில் ஆங்கிலம் இல்லை.

தேர்வா, பட்டமா?

பிரிட்டன் உள்துறை அமைச்சகம் அங்கீகரித்த மையத்தில் 'பி1' நிலைப் பேச்சுத் தேர்வை எழுதுவது பலருக்கு விரைவான வழியாக இருக்கும். ஆனால் உயர்கல்விச் சேர்க்கைக்காக எழுதிய வழக்கமான ஐஇஎல்டிஎஸ் சான்று இதற்குப் பொருந்தாது. குடியேற்றத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட தேர்வே ஏற்கப்படும். தேர்வுச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பட்டத்துக்குக் காலவரம்பு இல்லை.

2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, நிரந்தரமாகத் தங்குவதற்கான மொழித்தகுதியை 'பி1' நிலையிலிருந்து 'பி2' நிலைக்கு உயர்த்த முன்மொழிந்தது. தேர்வு கடினமாகும் அளவுக்கு ஆங்கில வழிப் பட்டத்தின் மதிப்பு கூடும் என்பதே இதன் உட்பொருள். அதே வேளையில், அந்தப் பட்டத்தை ஆதாரமாக்கும் பயிற்று மொழிச் சான்றின் தேவையும் கூடும்.

குடியுரிமை விண்ணப்பக் கட்டணம் 1,500 பவுண்டுகளைத் தாண்டிவிட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், உறுதிமொழி விழாவுக்கான சிறு தொகை தவிர எஞ்சிய கட்டணம் திரும்பக் கிடைக்காது. விடுபட்ட ஒரு கடிதத்துக்கு இது பெரும் விலை. ஆகவே, வெளிநாடு செல்லும் பட்டதாரியும் உடன் செல்லும் வாழ்க்கைத் துணையும் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுடன் பயிற்று மொழிச் சான்றையும் ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே பெற்றுக்கொள்வது நன்று. பட்டமளிப்பின்போதே அச்சான்றையும் சேர்த்து வழங்குவது பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் சுமையாக இருக்காது. மாணவர்களுக்கோ அது பின்னாளில் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.