இருபது டாலர் செடிக்கு இரண்டு லட்சமா?

பி.காம் படிக்கிறவனுக்குச் செடி கொடியெல்லாம் எதுக்கு என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இந்தக் கதையில் விலை இருக்கிறது, காஸ்டிங் இருக்கிறது. அதனால் நானும் பேசலாம் :-)

சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டுமே இயற்கையாக வளர்ந்த ஒரு புதர்ச்செடி, ஃபிரான்சிஸ்கன் மன்சனிட்டா. 1905-ல் ஆலிஸ் ஈஸ்ட்வுட் என்ற தாவரவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். 1947-ல் அங்கிருந்த லாரல் ஹில் கல்லறைத் தோட்டத்தை நிரவியபோது, இனி இயற்கையில் இது இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2009 அக்டோபரில் டேனியல் க்ளூசன்காம்ப் என்ற சூழலியலாளர், கோல்டன் கேட் பாலத்துக்குப் போகும் சாலையில் காரில் வந்துகொண்டிருந்தார். ஓரத்து மரங்களை வெட்டியிருந்ததால் ஒரு புதர் கண்ணில் பட்டது. அதுதான் இது! ஒரே ஒரு செடி.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சாலையையே இடித்துக் கட்ட இருந்தார்கள். 2010 ஜனவரியில் செடியை மண்ணோடு பெயர்த்து (சுமார் 10 டன்!) வேறு இடத்தில் நட்டார்கள். பெயர்ப்பது, வளர்ப்பது, வருடக்கணக்கில் கண்காணிப்பது எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு சுமார் 2 லட்சம் டாலர். உடனே கிண்டல் கிளம்பியது. இதே செடி நர்சரியில் 20 டாலருக்குள் கிடைக்கிறதே?

கிடைத்ததுதான். கல்லறைத் தோட்டத்திலிருந்து அப்போதே காப்பாற்றிய சில செடிகளின் கிளைகளை ஒடித்து நட்டு வளர்த்தவை அவை. அதாவது நகல்கள். ஆயிரம் வாங்கி நட்டாலும் அசல் அந்தச் சில செடிகள்தான். சாலையோரத்தில் கிடைத்தது வேறொரு அசல்.

அசலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மன்சனிட்டாக்களில் சில இனங்களுக்கு அடித்தண்டில் பெரிய முண்டு இருக்கும். காட்டுத்தீ வந்து மேலே கருகினாலும் முண்டிலிருந்து துளிர்த்துவிடும். ஃபிரான்சிஸ்கனுக்கு அது கிடையாது. தீயில் செடி செத்தால் மண்ணில் கிடக்கும் விதைதான் முளைக்க வேண்டும். நல்ல விதை பிடிக்க வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். நகலும் நகலும் பக்கத்தில் நின்று பிரயோஜனமில்லை. தாவரவியல் பூங்காவில் மற்ற மன்சனிட்டாக்கள் சுற்றி நிற்கின்றன, இவை தங்களுக்குள் சுலபமாகக் கலக்கும் ஜாதி. அங்கே எடுத்த விதையில் வருவது ஃபிரான்சிஸ்கன்தானா என்பதே சந்தேகம்.

அடையாளம் காண்பதும் லேசு இல்லை. மன்சனிட்டா என்று கண்டுபிடிப்பது சுலபம்: செம்பழுப்பில் வழவழப்பான தண்டு, சுருள் சுருளாக உரியும் பட்டை, கெட்டியான இலை, குளிர்காலத்தில் கவிழ்த்த குட்டிக் குடம் மாதிரி பூ, அப்புறம் குட்டி ஆப்பிள் மாதிரி காய் (ஸ்பானிஷில் பெயரின் அர்த்தமே அதுதான்). எந்த மன்சனிட்டா என்று கேட்டால்தான் நிபுணர்களே திணறுகிறார்கள். ஃபிரான்சிஸ்கனையும் ரேவன் மன்சனிட்டாவையும் ஒரு காலத்தில் ஒரே இனத்தின் இரண்டு பிரிவுகள் என்றுதான் வைத்திருந்தார்கள். பிற்பாடுதான் தனித்தனி ஆயின.

வளர்ப்பதிலும் வேடிக்கை உண்டு. நாம் பாசத்தைக் காட்டினால் செத்துவிடும். தண்ணீர் வடியும் மண், உரமே கூடாது, கோடையில் அடிக்கடி ஊற்றினால் வேர் அழுகல். ஃபிரான்சிஸ்கன் வளர்ந்ததே செர்பென்டைன் என்ற பாறைமேல், மற்ற செடிகள் திண்டாடும் மண்ணில். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் அதற்குத் துணை. பத்து டன் மண்ணையும் சேர்த்துத் தூக்கியதில் அர்த்தம் இருக்கிறது.

இப்போது என் கணக்கு. அந்தச் சாலைத் திட்டம் 100 கோடி டாலருக்கு மேல். சாலைக்கு 5000 ரூபாய் என்றால் செடிக்கு 1 ரூபாய்கூட வரவில்லை. இதையா ஊதாரித்தனம் என்கிறீர்கள்?

எனக்கு உறுத்துவது வேறு. போட்ட கணக்கில் ஏறத்தாழ பாதி, பெயர்த்து நடுவதற்கே. நகலையும் அசலையும் பக்கத்தில் நட்டு, விதை பிடிக்கவைத்து, முளைத்ததை வருடக்கணக்கில் வளர்க்கும் வேலைதான் நீளமானது. லாரியில் செடி போகிற படத்தைப் போட்ட பத்திரிகைகள் அதைப் பற்றி எவ்வளவு எழுதின?